முதலீட்டாளருக்காகக் கூட்டிய கரை

பத்திரிகையில் பக்கங்கள் குறைந்தபோது நான் வேலையை விட்டேன். விட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. வடக்குச் செய்திகளுக்கென்று இருந்த இரண்டு பக்கங்கள் ஒன்றாகி, அந்த ஒன்றும் விளம்பரம் கூடிய நாட்களில் காணாமல் போகத் தொடங்கியது. ஆசிரியபீடத்தில் எனக்கு ஒரு கதிரை இருந்தது. அதில் உட்கார்ந்து செய்ய வேலை இருக்கவில்லை. அந்த நேரத்தில்தான் கொழும்பில் ஒரு கந்தோர் தமிழ் எழுதத் தெரிந்த ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன்.

தலைநகருக்கு முதலீட்டாளர்களை அழைத்து வருவது அந்தக் கந்தோரின் வேலை. வெளிநாட்டிலிருந்து வருபவர்களை விமான நிலையத்தில் வரவேற்று, கடலைப் பார்த்த ஹோட்டல் ஒன்றின் மேல்மாடியில் இருத்தி, கொழும்பைப் பற்றி நாற்பது நிமிடம் படம் காட்டி, மதியச் சாப்பாடு கொடுத்து, கையில் ஒரு பையோடு அனுப்புவார்கள். பைக்குள் ஒரு தேயிலைப் பெட்டி, ஒரு பேனை, ஒரு கையேடு. கையேடு மூன்று மொழிகளிலும் அச்சாகும். தமிழ்க் கையேட்டை நான் எழுதினேன். அதை யார் எடுத்துப் போகிறார்கள் என்று கவனித்தும் இருக்கிறேன். கனடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் எங்கள் ஆட்கள் சிலர் அதைப் புரட்டிப் பார்த்து, எழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஆங்கிலக் கையேட்டைப் பைக்குள் வைப்பார்கள்.

மண்டபத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் கொழும்பின் மாதிரி ஒன்று இருந்தது. துறைமுகம், கோபுரங்கள், ஏரி, தீக்குச்சித் தலை அளவில் பச்சை மரங்கள். கட்டி முடியாத கட்டடங்களும் அதில் முடிந்திருந்தன. நிகழ்ச்சிக்கு முன்னர் ஒரு பெண் வந்து, கமெராவின் கண்ணாடி துடைக்கும் தூரிகையால் மரங்களின் தூசியைத் தட்டுவாள். விருந்தினர்கள் அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஏதாவது பிரச்சினை வந்தால் யாரிடம் பேச வேண்டும்? அந்தக் கேள்விக்குக் கையேட்டில் பக்கம் இல்லை.

எங்கள் பணிப்பாளர் கெட்ட மனிதர் அல்ல. எனக்குச் சீனி வருத்தம் என்று அறிந்த நாளிலிருந்து என் தேநீரைத் தனியாக ஊற்றச் சொல்லி வைத்தவர். அவர் ஆங்கிலத்தில் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன். ‘தடையற்ற மின்சாரம்’ என்று இருந்த இடத்தில் ‘தடையற்ற’ என்பதை நான் வெட்டியபோது, அவர் அதைத் திரும்பச் சேர்த்துவிட்டு, “நீங்கள் இன்னும் செய்தி எழுதுகிறீர்கள். இது அழைப்பிதழ்” என்றார். “கலியாண அழைப்பிதழில் மாப்பிள்ளைக்கு மூட்டுவலி என்று போடுவார்களா?” மாதம் முடியும்போது சம்பளம் வந்தது. சில வருடங்களில், வெட்டுவதையும் விட்டுவிட்டேன்.

சென்ற வருடம் கையேட்டின் கடைசியில் இரண்டு பக்கங்கள் கூடின. ‘தலைநகருக்கு அப்பால்’ என்று தலைப்பு. கொழும்பில் முதலிடுகிறவர் ஓய்வு விடுதி கட்டவோ சூரிய மின்தகடு போடவோ விரும்பினால் பார்க்கக்கூடிய இடங்கள் அதில் வரும். பணிப்பாளர் வரைபடத்தை விரித்து, மன்னார்த் தீவின் வடகரையில் விரல் வைத்தார்.

“இது உங்கள் ஊர்தானே?”

நான் பிறந்தது அதே தீவில், பள்ளிமுனையில். அவர் விரல் வைத்த இடம் என் பெரியம்மா கலியாணம் செய்து போன கிராமம். அதைச் சொன்னேன். “இன்னும் நல்லது” என்றார். அந்தக் கரையில் யாரும் பயன்படுத்தாத நிலம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறார். ஐந்தாறு முதலீட்டாளர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும்; நான் முன்னரே போய்ப் பார்த்து, ஆட்களோடு கதைத்து, படமும் எடுத்து வர வேண்டும்.

ஆடி மாதம் போனேன். அது வடகரையில் கடல் அமைதியாக இருக்கும் காலம். கரையில் நிற்க இடம் இருக்கவில்லை. கண்ணாடியிழைப் படகுகள் இரண்டு வரிசையாக ஏற்றிக் கிடந்தன. உடைமர நிழலில் ஆண்கள் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். எரிபொருள் கான்கள், ஐஸ் பெட்டிகள், நண்டு கழற்றிய வலைக் குவியல்கள், நாய்கள். படகுகளுக்குக் கிழக்கே ஒரு நீளத் துண்டு மணலில் கம்புகள் நட்டு, பழைய வலையை மேலே இழுத்துக் கட்டிய பரண்கள் வரிசையாக நின்றன. அவற்றில் மீன் பிளந்து உப்பிட்டுக் காய்ந்தது. காற்று அந்தப் பக்கமிருந்து வந்தது.

பரண்கள் ஒரு பெண்ணுடையவை. ஊரில் எல்லோரும் அவவைக் கருவாட்டக்கா என்றார்கள். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து பெரியமடுப் பக்கம் குடியேறிய குடும்பம். கூலிக்கு மீன் வெட்ட இந்தக் கரைக்கு வந்தவ, பிறகு தானே மீன் வாங்கிக் காயப்போடத் தொடங்கி, பத்துப் பதினைந்து வருடமாக அதே மணலில் நிற்கிறா. படகு இல்லை. கடலுக்குப் போகும் ஆண் வீட்டில் இல்லை. அதனால் மீனவர் சங்கத்தில் அவவின் பெயரும் இல்லை. அந்த மணலில் அவவுக்கு உள்ள உரிமை, தினமும் அங்கே நிற்பதுதான்.

நான் கைபேசியை எடுத்தபோது அவ நிமிரவில்லை.

“படம் எடுக்கிறீங்களா ஐயா? எடுங்க. மணம் படத்துல வராது.”

எடுத்தேன். நாற்பது ஐம்பது படங்கள் இருக்கும். பழைய பழக்கம்: தூரத்திலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, கிட்ட ஒன்று.

சங்கத் தலைவர் என் பெரியம்மாவின் மகன். அண்ணை என்று கூப்பிடுவேன். அவருடைய வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து விசயத்தைச் சொன்னேன்.

“எத்தினை பேர் வருகினம்?”

“அஞ்சாறு பேர், அண்ணை. கரையைப் பாத்திட்டுப் போயிடுவினம்.”

“பெரிய ஆக்களோ?”

“பெரிய ஆக்கள்தான்.”

“என்னத்துக்கு?”

“ஹோட்டல் கிட்டல் கட்டுற யோசினை இருக்கும். இன்னும் ஒண்டும் முடிவில்லை.”

“ஹோட்டலெண்டாலும் மீன் வேணும்தானே,” என்றார் அண்ணை. “ஒரு ஐஸ் அறை கேட்டுப் பாப்பம். சாப்பாடு எங்க?”

“மன்னார் ரவுணில. இஞ்ச ஒண்டும் தேவையில்லை.”

“நீ சொல்லுவாய் தேவையில்லை எண்டு. அவை திரும்பிப் போய், மன்னாரில ஒரு இளநி கூடத் தரேல்லை எண்டு கதைப்பினம். பேர் கெடுறது ஆருக்கு?”

நான் சிரித்துவிட்டுப் புறப்பட்டேன். நான் செய்த பிழை அந்த இடத்தில்தான். கரையைச் சும்மா கிடக்கும் நிலம் என்று யாரோ கொழும்பில் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் அண்ணைக்குச் சொல்லவில்லை. எனக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆட்கள் வருவார்கள், இந்தப் படகுகளையும் பரண்களையும் கண்ணால் காண்பார்கள், மூக்கால் அறிவார்கள், இது யாரோ பிழைக்கும் இடம் என்று விளங்கித் திரும்பிப் போவார்கள். யாரும் யாரோடும் சண்டை பிடிக்கத் தேவையில்லை. செய்தி எடுக்கப் போகிறவன் சம்பவத்தைத் தொடக்கூடாது, தானாக நடக்கட்டும் என்று விட வேண்டும் என்பது நான் பழகிய தொழில். அண்ணையிடம் நான் விட்டுவிட்டு வந்தது ஒரேயொரு தகவலை: பெரிய ஆட்கள் வருகிறார்கள்.

அந்த ஊரில் பெரிய ஆட்கள் வருவதென்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கத்தோலிக்க ஆயர் வந்தபோதும் பெருநாளுக்கும் நடப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். கொழும்பில் இருந்த வருடங்களில் அது மறந்துபோனது என்று சொல்லலாம். மறக்கவில்லை. யோசிக்கவில்லை.

அடுத்த மாதம் போனோம். பணிப்பாளர், ஐந்து விருந்தினர்கள், நான். வான் வண்டியில் கொழும்பிலிருந்து புத்தளம் வழியாக நாள் முழுவதும் ஓடி, மன்னார் நகரத்தில் இரவு தங்கி, காலை எட்டரைக்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

முதலில் கண்டது மணல். ஈர்க்கு விளக்குமாற்றின் கோடுகள் கரை முழுவதும் ஒழுங்காக ஓடின. காலடி ஒன்றுகூட இல்லை. படகுகள் இல்லை. அவற்றை அதிகாலையிலேயே கடலில் இறக்கி, முனையைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள். வலைகள் வீடுகளுக்குப் போய்விட்டன. எண்ணெய்க் கறை பட்ட மணலை வாரி அள்ளி, வேறு மணல் போட்டிருந்தார்கள். உடைமரத்திலிருந்து உடைமரத்துக்கு வெள்ளையும் மஞ்சளுமாகக் கடதாசிக் கொடிகள் ஆடின. கோயில் மண்டபத்துக் கதிரைகளில் வெள்ளைத் துணி போர்த்தி, அரைவட்டமாக வைத்திருந்தார்கள். சங்கத்து ஆட்கள் பூசைக்குப் போகும் உடுப்பில், கைகளை முன்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். பரண்கள் நின்ற இடத்தில் ஒரு கம்பு கூட இல்லை.

விருந்தினர்களில் ஒரு பெண் குனிந்து மணலை அள்ளி விரல் வழியே விட்டுப் பார்த்தா. “இவ்வளவு சுத்தமான கரையை நான் இந்த நாட்டில் பார்க்கவில்லை,” என்றா ஆங்கிலத்தில். “இங்கே யாரும் வருவதில்லையா?”

“வருகிறார்கள்,” என்றேன். “இது இறங்குதுறை. படகுகளை இன்றைக்கு அப்பால் கட்டியிருக்கிறார்கள்.”

அவ என் முகத்தைப் பார்த்தா, பிறகு கரையைப் பார்த்தா. கண்ணில் பட்டது வெறுங்கரைதான். பணிப்பாளரின் முகத்தில், நல்ல அறை கிடைத்த பயணியின் திருப்தி இருந்தது.

அண்ணை பேச எழுந்தார். கடதாசியில் எழுதி வைத்திருந்தார். வரவேற்பு, நன்றி, ஐஸ் அறை பற்றிய வேண்டுகோள். முடிக்கும்போது கடதாசியை மடித்துவிட்டு, மனதிலிருந்து சொன்னார்.

“நீங்கள் வேற ஆக்கள் எண்டு நினைக்க வேண்டாம். இது உங்கட கரை. எப்பவும் வாங்கோ.”

வீட்டுக்கு வருகிறவரிடம் எல்லோரும் சொல்வது அதுதான். சொல்கிறவரும் வீட்டை எழுதிக் கொடுப்பதில்லை, கேட்கிறவரும் அப்படி எடுப்பதில்லை. விருந்தினர்கள் என் பக்கம் திரும்பினார்கள். மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லையும் விடக்கூடாது என்று பலரோடு வாதாடியவன் நான். “எப்போதும் வரலாம் என்கிறார்” என்று மட்டும் சொன்னேன். கை தட்டினார்கள்.

இளநீர் குடித்து முடிந்து அவர்கள் படம் எடுக்கத் தொடங்கியபோது, நான் கொடிகளைத் தாண்டிப் பின்னால் போனேன். பனைகளுக்கு நடுவில், சாக்கு மூடிய பிளாஸ்டிக் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கருவாட்டக்கா இருந்தா. பரண்களின் கம்புகளும் வலையும் கட்டாகக் கட்டிக் கிடந்தன.

“என்னக்கா இது?”

“மணம் வரும், எடுன்னாங்க. எடுத்தேன். நானும்தான் கூட்டினேன் ஐயா. அந்தப் பக்கம் முழுக்க என் கைதான்.” சாக்கைத் தூக்கிக் காட்டினா. இரண்டு நாளாக வெயில் படாத மீன். உப்புநீர் கலங்கியிருந்தது. “அவங்களுக்குப் பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்கு.”

“அப்ப சரி,” என்றா. பிறகு, “இடத்தையா, இளநியையா?” என்று கேட்டா.

அவவுக்கு அப்போதே விளங்கியிருந்தது. எனக்கும் அண்ணைக்கும்தான் நேரம் எடுத்தது.

திரும்பி வந்து மூன்றாம் நாள், பணிப்பாளர் கையேட்டில் அந்தக் கரைக்கான பத்தியைக் கேட்டார். நான் எழுதிக் கொடுத்ததில், இந்தக் கரை ஒரு கிராமத்தின் இறங்குதுறை, இதன் கிழக்குத் துண்டில் மீன் உலர்த்தப்படுகிறது என்று இருந்தது. அவர் வாசித்துவிட்டு, மேசையில் தன் படங்களைப் பரப்பினார். கோடு கோடாகக் கூட்டிய வெறும் மணல். ஒரு ஆள் இல்லை.

“நீங்களும் அங்கே நின்றீர்கள்தானே?”

என் கைபேசியில் ஆடி மாதப் படங்களைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். “இது பழையது. இது புதியது,” என்றார், இரண்டையும் மாறி மாறித் தொட்டு. “பத்திரிகையில் நீங்கள் எதைப் போடுவீர்கள்?”

வந்தவர்களுக்காகக் கூட்டினார்கள் என்று சொன்னேன். அவர் சற்று யோசித்தார். “எங்களுக்காக எல்லாவற்றையும் அப்புறப்படுத்த அவர்களால் முடிந்ததென்றால்,” என்றார், “அப்புறப்படுத்தக்கூடியதுதானே?” அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்து, விடை சரியா என்று என்னைக் கேட்பது போலச் சொன்னார். கையேட்டில், ‘பயன்பாடற்ற, தூய்மையான கடற்கரை’ என்று வந்தது. தமிழிலும் அப்படித்தான் வந்தது. நான்தான் ஒப்புநோக்கினேன். எழுத்துப்பிழை இருக்கவில்லை.

கையேடு வந்ததற்குப் பிறகு அந்த நிலம் உண்மையில் வெறுமையானதா என்று கேட்டுப் பிரதேச செயலகத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் போயிருக்கிறது. தைப்பொங்கல் கழிந்து அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார். காணி உத்தியோகத்தர் வந்து பார்க்கப் போகிறாராம்.

“தம்பி, கரை வெறுங்காணி எண்டு ஆர் சொன்னது?”

சொன்னேன். கையேட்டைப் பற்றியும், ஆடி மாதமே எனக்குத் தெரிந்ததைப் பற்றியும்.

“அப்ப நீ அண்டைக்கே சொல்லியிருக்கலாம்,” என்றார்.

“ஓம், அண்ணை.”

“நாங்கள் விளக்குமாறு பிடிச்சிருக்க மாட்டம்.”

“ஓம்.”

“இப்ப வாற ஆளுக்கும் கூட்டுறதோ?” அவர் கேட்டது பகிடியாகவா என்று எனக்கு நிச்சயமில்லை.

“ஒண்டையும் தொட வேண்டாம், அண்ணை. கிடக்கிறது கிடக்கட்டும்.”

“கிடக்கிறதுக்கு என்ன கிடக்கு? வாடைக்காத்தெல்லே.”

அதை நான் மறந்திருந்தேன். வாடை தொடங்கினால் வடகரையில் கடல் கொந்தளிக்கும். படகுகளை எல்லோரும் தீவின் தெற்குப் பக்கம் கொண்டுபோய்விடுவார்கள். வைகாசி வரும் வரை வடகரை இறங்குதுறையில் ஒரு படகும் நிற்காது. உத்தியோகத்தர் வரும் நாளில், கூட்டாமலே கரை வெறுமையாக இருக்கும். ஒரு துண்டைத் தவிர. கருவாட்டக்கா ஓலைத்தொடுவாயிலும் தெற்கிலும் மீன் வாங்கி, முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து, அதே இடத்தில் காயப்போட்டுக்கொண்டிருந்தா. பரண்களை அவ ஆவணியிலேயே திரும்ப நட்டுவிட்டா.

இரண்டு நாள் லீவு எடுத்தேன். பணிப்பாளர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ஊருக்கு என்றேன். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இரவு பஸ்ஸில் தூக்கமில்லை. ஊருக்கு நல்லது செய்யப் போகிறேன் என்ற நினைப்பு எனக்கு வரவில்லை. பிழை போன பத்தி ஒன்றைத் திருத்தப் போகிறவனின் அலுப்புத்தான் இருந்தது. திருத்தம் எப்போதும் சின்ன எழுத்தில், உள்பக்கத்தில், மூன்று நாள் பிந்தி வரும்.

முதல் நாள் மாலை, அண்ணையோடு பரண்களுக்குப் போனேன். அண்ணைக்குச் சொல்லத் தொடங்க முடியவில்லை. காற்றைப் பற்றிக் கதைத்தார், சூடை மீன் பட்ட கதை சொன்னார். கருவாட்டக்கா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தா.

“நாளைக்குக் கொஞ்சம் கூடப் போட ஏலுமோ, அக்கா?” என்று கடைசியில் கேட்டார்.

“அன்னைக்கு மணம்னீங்க.”

“இப்ப அந்த மணம்தான் வேணும்.”

அவ சிரித்தா. அண்ணையும் சிரித்தார், நிலத்தைப் பார்த்து. சிரிப்பு அடங்கியதும் அவ சொன்னா: “போடுறேன் தலைவர். வாற ஆளு எழுதுறப்ப என் பேரையும் எழுதச் சொல்லுங்க.”

“பாப்பம்.”

“பாக்கிறது இல்ல. எழுதணும். இல்லைன்னா நான் நாளைக்கு மன்னார் சந்தைக்குப் போறேன், எனக்கு அங்க வேலை இருக்கு.”

திரும்பி நடக்கும்போது அண்ணை என்னிடம் சொன்னார், “அவவின்ர பேரில எழுதினா, நாளைக்கு அது அவவின்ர காணி எண்டு ஆகிடும். சங்கத்து ஆக்கள் என்னைக் கேப்பினம்.” நான் கேட்டுக்கொண்டு வந்தேன். ஊரின் கரையைக் காப்பாற்ற வந்த இடத்தில், அண்ணைக்கு இழப்பதற்கு இன்னொன்று இருந்தது. அதற்கும் ஒரு பத்தி எழுதித் தர என்னால் முடியாது.

காணி உத்தியோகத்தர் ஸ்கூட்டரில் வந்த இளம் பெண். தலைக்கவசத்தைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, கோப்பு ஒன்றையும் அளவு நாடாவையும் எடுத்தா. கருவாட்டக்கா சந்தைக்குப் போகவில்லை. பரண்கள் நிறைய மீன். ஈக்களை விரட்டிக்கொண்டு நின்றா.

நான் ஆடி மாதப் படங்களை நீட்டினேன். உத்தியோகத்தர் ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டுக் கைபேசியைத் திருப்பித் தந்தா. “ஃபோன் படத்தை வைச்சு நான் ஒண்டும் எழுத ஏலாது. கண்ணால பாக்கிறதைத்தான் எழுதலாம். படகுகள் எங்க?”

“வாடைக்கு அங்கால கொண்டுபோட்டம், மிஸ்,” என்றார் அண்ணை. “வைகாசியில வந்திடும்.”

“வைகாசியில நான் வர மாட்டன். அறிக்கை இந்த மாதம் குடுக்கோணும்.” அவ பரண்களுக்கு நடுவில் நடந்தா. முகத்தைச் சுளிக்கவில்லை. ஒரு கம்பை ஆட்டிப் பார்த்தா. அது ஆடவில்லை. “இது ஆற்ற?”

“சங்கத்தின்ர கரை, மிஸ்.”

“கரையைக் கேக்கேல்லை. இந்தப் பரண்.”

“என்னுதுங்க,” என்றா கருவாட்டக்கா, கையிலிருந்த மீனைத் திருப்பிப் போட்டபடி.

உத்தியோகத்தர் அவவைப் பார்த்தா, பிறகு அண்ணையைப் பார்த்தா. “நீங்கள்தானே தலைவர். நீங்கள் சொல்லுங்கோ.”

அண்ணை சட்டைப் பையைத் தடவினார். பேனை இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் பின்னால் நின்றார்கள். அவர்களில் ஒருவர் இருமினார். சங்கத்தின் பரண் என்று சொன்னால் கரை சங்கத்தின் பெயரில் நிற்கும், அவவுக்கு ஒன்றும் நிற்காது. அவ மறுத்துச் சொன்னால் உத்தியோகத்தர் இரண்டையும் நம்பமாட்டா. இதையெல்லாம் அண்ணை கணக்குப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். அல்லது, அன்றைக்குத் தொட்டியில் வெயில் படாமல் கிடந்த மீனை நினைத்திருக்கலாம். நான் கேட்டதில்லை.

“அவவின்ரதுதான், மிஸ்,” என்றார். “நாங்கள் இல்லாத காலத்திலயும் அவ இஞ்ச நிப்பா. படகு வந்தா படகும் பரணும் ரெண்டும் இருக்கும்.”

“எத்தினை வருசம்?”

“என்ர மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருசம் வந்தவ. மகள் இப்ப கம்பஸில.”

உத்தியோகத்தர் எழுதினா. அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. அண்ணை பிடித்தார். மறுமுனையை உத்தியோகத்தர் வைத்துக்கொண்டு, கருவாட்டக்காவிடம் முழுப்பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்டா. அவ கையை மணலில் துடைத்து, பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினா. அது பொலித்தீன் உறைக்குள் தயாராக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கையேட்டின் அடுத்த பதிப்பு அச்சுக்குப் போனது. வடகரை அதில் இல்லை. பணிப்பாளர் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் பேசவில்லை. என் தேநீர் சீனியில்லாமல் வழமைபோல வந்தது. அந்தப் பக்கத்தில் வேறொரு மாவட்டத்துக் கரை வந்தது. நான் அங்கே போனதில்லை. படத்தில் சுத்தமான மணல் இருந்தது. கிடைத்த குறிப்புகளை வைத்து, அதற்கும் ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது, இந்த மணலை யார் கூட்டினார்கள் என்று ஒரு தடவை நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு முன்னர் கோப்பு போக வேண்டியிருந்தது.

அந்த அறிக்கையின்படி செயலகம் எழுதிய கடிதம் சங்கத்தின் விலாசத்துக்கு வந்து, அண்ணையின் அலுமாரியில் இருந்தது. கருவாட்டக்கா போய்க் கேட்டு, ரவுணில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டா. அதை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டா. நான் அப்போது பஸ்ஸில், கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட நின்றேன்.

“ஐயா, என் பேரு சரியாத்தான் போட்டிருக்காங்க. அடுத்த வரியில ‘மீன் உலர்த்தும் தற்காலிகப் பயன்பாடு’ன்னு இருக்கு.”

“ஓம் அக்கா. அப்படித்தான் எழுதுவினம்.”

“தற்காலிகம்னா எவ்வளவு காலம்?”

“அது… அவை காலம் ஒண்டும் போடேல்லையோ?”

“போடல. அதான் உங்களைக் கேக்கிறேன். நீங்க அங்கதானே இருக்கீங்க, தலைநகர்ல.”

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு தடவை செயலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த உத்தியோகத்தர் மாற்றலாகிப் போய்விட்டா. புதியவர் கோப்பைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். கருவாட்டக்காவிடம் அதைச் சொன்னபோது, பின்னால் முச்சக்கர வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“கேட்டுட்டே இருங்க ஐயா,” என்றா. “அதுவரைக்கும் நான் காயப்போடுறேன். மீன் வந்துடுச்சு, ஃபோனை வைக்கிறேன்.”